மூன்றாவது லைனில் ஒரு தாய்

அந்தத் தாயை நான் ஏன் பேசவிடவில்லை? நான்கு வருடங்களாக என்னையே கேட்கிறேன்.

அப்போது கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தமிழ் வானொலியில் வேலை செய்தேன். பின்னேர நிகழ்ச்சிக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை எடுத்து, யார், என்ன சொல்லப்போகிறார் என்று ஒரு வரியில் அறிவிப்பாளரின் திரைக்கு அனுப்பவேண்டும். அவரை எல்லோரும் அண்ணை என்றுதான் அழைப்போம். பகலில் ரக்சி ஓட்டிக்கொண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம் பேசத் தொடங்கியவர். நான் சேர்ந்தபோது வாரநாட்களில் தினமும் இரண்டு மணி நேரம் அவருடையது. வரி, மானியம், சைக்கிள் ஓடுகிறவரின் தலைக்கவசம் என்று எதைத் தொட்டாலும், அரசாங்கம் மனிதரை விட்டு விலகி நிற்கவேண்டும் என்றுதான் முடிப்பார். "சண்டைக்காலத்திலை ஊரை விட்டு வெளிக்கிட ஒருத்தனிட்டைப் பாஸ், உள்ளுக்கை வர மற்றவனிட்டைப் பாஸ். இஞ்சை வந்தும் கைகட்டி நிக்கவோ?" என்று அவர் கேட்கும்போது அந்தக் குரலில் நடிப்பு இருக்காது. அதனால்தான் நம்பினேன். எனக்கு அவர் தந்த ஒரே விதியும் நேர்மையானது: "எதிர்க்கிற ஆளை முதல்ல தா பிள்ளை. ஓம் போடுற ஆக்கள் காத்திருப்பினம்."

ஒருநாள் டோர்செட் பார்க்கிலிருந்து ஒரு அன்ரி அழைத்தார். அப்பார்ட்மென்டில் பிள்ளைகள் பார்க்கிறவர். லைசென்ஸ் இல்லாமல் ஐந்து பிள்ளைகளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று கடிதம் வந்ததாம். அண்ணை உற்சாகமாகிவிட்டார். "ஐஞ்சு பிள்ளை பார்த்தால் அன்ரி, ஆறாவது வந்தால் குற்றவாளியோ?" எல்லா லைன்களும் நிறைந்தன. மூன்றாவது லைனில் ஒரு தாய்: "இப்ப கதைச்ச அன்ரியின்ர குரல் எனக்குத் தெரியும் தங்கச்சி. அங்கை ஒன்பது பிள்ளையள். என்ர மகன் மத்தியானம் கட்டில்ல இருந்து விழுந்தவன். பின்னேரம் நான் போகேக்கைதான் சொன்னவா."

விதிப்படி அவரைத்தான் முதலில் அனுப்பியிருக்கவேண்டும். நான் அனுப்பவில்லை. அழுது குழப்பிவிடுவார் என்று நினைத்தேனா, அண்ணை தோற்பதைப் பார்க்க விருப்பமில்லையா, தெரியாது. செய்தி நேரம் வந்தது. லைனைத் துண்டித்தேன்.

பிறகு மகள் பிறந்தாள். நாங்கள் குடிபோன கட்டடத்திலேயே, இரண்டு மாடி கீழே, அதே அன்ரி; குரலிலேயே தெரிந்தது. லைசென்ஸ் உள்ள இடங்களில் இடம் கிடைக்கவில்லை. அந்தத் தாய் மிகைப்படுத்தியிருப்பார் என்று என்னையே சமாதானப்படுத்தி, மகளை அவரிடம் விட்டேன். அதற்குத் தேவையான வாதங்களெல்லாம் அண்ணையின் குரலில் என்னிடம் தயாராக இருந்தன.

ஒன்றரை வயதில் மகளின் கையில் கொதிக்கும் தேத்தண்ணி கொட்டியது. அன்ரி பற்பசை பூசிவிட்டுப் பின்னேரம் நான் போகும்வரை எனக்கு அறிவிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தப் பற்பசையைக் கழுவியபோது மகள் கத்திய கத்தல் இப்போதும் காதில் இருக்கிறது.

அண்ணையிடம்தான் போனேன். நிகழ்ச்சியில் ஒருமுறை தாய்மாருக்கு எச்சரிக்கை சொல்லுங்கள் என்றேன். "ஆரும் உன்னை வற்புறுத்தினவையோ? நீதானே கொண்டுபோய் விட்டனீ. தெரிவும் உன்ர, பொறுப்பும் உன்ர." பொறுத்துக்கொண்டேன். அடுத்தநாள் என் பெயரைச் சொல்லாமல், மகளின் வயதை மட்டும் சொல்லி, "தன்ர பிழைக்கு அரசாங்கத்தைக் கூப்பிடுற தாய்" என்று என்னையே அன்றைய தலைப்பாக்கினார். நானே அழைப்புகளை எடுத்து, "சரியாச் சொன்னியள் அண்ணை" என்று சொல்ல வந்தவர்களை வரிசையாக உள்ளே அனுப்பினேன். எதிர்க்க ஒருவரும் அழைக்கவில்லை. அந்த மாதமே வேலையை விட்டேன்.

இப்போது அவர் ஓய்வு பெறுகிறார். கடைசி நிகழ்ச்சியில் அவரைப் பாராட்டி மூன்று நிமிடம் பேசும்படி வானொலியில் கேட்டிருக்கிறார்கள். நடந்ததைச் சொன்னால் கட்டடத்தில் எல்லோருக்கும் அன்ரி யாரென்று தெரிந்துவிடும். விடியற்காலையில் ஃபாக்டரி வேலைக்குப் போகிற தாய்மார் அவரை விட்டால் பிள்ளைகளை எங்கே விடுவார்கள்? அவர்களிடம் தனித்தனியாகச் சொல்லலாம் என்றும் நினைத்தேன். ஒருமுறை லிஃப்டில் வாயைத் திறந்தேன். "அவசரம் அக்கா" என்று ஒருத்தி போய்விட்டாள். அவளுடைய குழந்தைக்கு இன்னும் நடக்கவே தெரியாது.

வாசிக்கிறவர்களே, முக்கியமாகத் தாய்மாரே, நான் வானொலியில் பேசவா, அரசாங்கத்துக்கு முறைப்பாடு எழுதவா, அல்லது லிஃப்டில் பார்த்தவளுடைய கதவைத் தட்டவா? என் முடிவுகளில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. உங்கள் குழந்தையும் அந்த வீட்டில்தான் இருக்கிறது என்று நினைத்துச் சொல்லுங்கள்.