கியோ என்று சொல்ல வேண்டும்

இன்று பாரிசின் லா சப்பலில் பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது, "மிசியு கெயோக்!" என்று அழைத்தார்கள். அந்த ஐரிஷ் பெயரை எழுத்தைப் பார்த்து வாசிக்கக் கூடாது, 'கியோ' என்றே சொல்ல வேண்டும்.

எண்பதுகளில், வகுப்பில் என் பக்கத்தில் இருந்த கியோதான் அதைச் சொல்லித் தந்தான். யாரோ ஒரு முப்பாட்டனின் பெயராம். "எங்களை மாதிரித்தான், தேப்பன்ரை பேர் பின்னாலை வருது!" என்று அப்பா அவன் தட்டில் இன்னொரு தோசை வைத்தார். நல்லெண்ணெய் மணக்கும் அந்தச் சமையலறையில், 'சிவஞானசுந்தரம்' என்று அப்பாவின் பெயரை அவன் பிசகாமல் சொல்லிக் காட்டுவான்.

ஒருநாள் ஆசிரியை என் பெயரின் பின்னால் வரும் அப்பாவின் பெயரில் தடுமாற, வகுப்பே சிரித்தது. கியோவைச் சொல்லச் சொன்னார். அவன் வேண்டுமென்றே குதறிவிட்டு, எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான்.

மாலையில் கதவு தட்டப்பட்டது. "தம்பி, உன்ரை கியோ வந்திருக்கிறான்!" என்றார் அப்பா.

"கெயோக் எண்டு ஒருத்தரையும் எனக்குத் தெரியாதப்பா."

இன்று அந்த அழைப்புக்கு எழுந்தவருக்கு என் வயதிருக்கும். நான் பெயரைத் திருத்தவில்லை.