வசந்தி நிறுத்திய இன்ஜின்

தஞ்சாவூரில் என் தங்கச்சி வசந்திக்குப் பாராட்டு விழா. இதய டாக்டர். பழுதான இதயத்தின் சத்தத்தை மேடையில் ஒலிக்க விட்டாள். எனக்கு எங்கள் வயலுக்குத் தண்ணீர் இறைத்த டீசல் இன்ஜின் ஞாபகம் வந்தது.

அந்த வருஷம் குறுவை நெல் கதிர்விடும் நேரம். ஆற்றில் தண்ணீர் இல்லை, இன்ஜின்தான் கதி. ஒன்பது வயது வசந்தி திடீரென்று டீசலை அடைத்துவிட்டாள்.

"பயிரு காயுதுடி!" அப்பா கை ஓங்கினார்.

"சத்தம் மாறுதுங்கப்பா. வால்வைப் பாருங்க."

"வந்துட்டா பெரிய மெக்கானிக்கு!"

திட்டிக்கொண்டே பிரித்தார். விரிசல் விட்ட வால்வு கையோடு வந்தது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் இன்ஜினும் போயிருக்கும், பயிரும் போயிருக்கும்.

இன்று இதயச் சத்தம் பற்றிய அவள் ஆராய்ச்சியை வைத்துத்தான் வெளிநாட்டு டாக்டர்களும் வைத்தியம் பார்க்கிறார்களாம். மண்டபமே எழுந்து கைதட்டியது.

"நீங்க டாக்டருக்கு யாருங்க?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"அண்ணன்."

கைதட்டலில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் உரக்கச் சொன்னேன்.