அலமாரியில் இருந்த டப்பா

மயிலாப்பூரில் ஒரு மருந்துக்கடையில் நான் வேலை பார்த்த நாட்களில், தினமும் காலையில் கடை திறந்ததும் ஒருவர் வருவார். ஒடிசலான உடம்பு, வெறும் நெற்றி. இன்னும் குளித்திருக்க மாட்டார். மீன் வாடையே அறியாத குடும்பம். ஆனாலும் கொலஸ்ட்ரால் குறையும் என்று யாரோ சொன்னதை நம்பி, மீன் எண்ணெய் மாத்திரை வாங்கியிருந்தார். டப்பா மட்டும் எங்கள் கடை அலமாரியிலேயே இருக்கும். என்னிடம் தண்ணீர் வாங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றை விழுங்குவார். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்த பிறகுதான் காபியாம்.

"வீட்ல மாமி திட்டுவாங்களா சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவ போய் ரெண்டு வருஷமாச்சு. இருந்தாலும் அவ பொழங்கின ஆத்துல இதை எப்படிப்பா வைக்கறது?"

சில மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வந்தார்.

"ட்ரைகிளிசரைடுன்னு வேற ஒரு கொழுப்புதான் கொறஞ்சிருக்கு. கொலஸ்ட்ரால் அப்படியே இருக்கு. மீன் எண்ணெய் அதைக் கொறைக்காதாம். டாக்டர் வேற மாத்திரை எழுதிட்டார்."

"தொல்லை விட்டுச்சு சார். இத வீட்லயே வச்சிக்கலாம்" என்று புது மாத்திரையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் கடை திறக்கும்போது வாசலில் நின்றிருந்தார். குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். புது மாத்திரை அட்டையை என்னிடம் நீட்டினார்.

"இதுவும் இங்கேயே இருக்கட்டும்ப்பா. கொஞ்சம் தண்ணி குடு."