இருநூற்றெண்பதில் நின்ற கை

ஒரு நிமிடத்துக்கு இருநூற்றெண்பது மீட்டு. அதற்கு மேல் என் வலது கை போகவில்லை. பதினான்கு மாதம் போகவில்லை.

கிதாரில் ஒரே தந்தியைக் கீழும் மேலுமாக மீட்டுவதைச் சொல்கிறேன். சேலம் ரயில்வே குடியிருப்பிலிருந்து மாற்றலாகிப் போன ஓர் இன்ஜின் டிரைவர், கொண்டுபோக இடமில்லை என்று கொடுத்துவிட்டுப் போன கிதார் அது. உடைந்த எருமைக்கொம்புச் சீப்பைத் தேய்த்து, தந்தியை மீட்ட நகமளவில் ஒரு வில்லை செய்துகொண்டேன். யுத்த காலம். ராசிபுரத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தேன்; வயது இருபத்தாறு.

என்னோடு படித்தவன் ஒருவன் சேலத்தில் படம் பிடிக்கும் ஸ்டூடியோவின் வாத்தியக்குழுவில் பிடில் வாசித்தான்.

"குதிரை துரத்துற கட்டத்துக்கு உன் பெட்டி வேணும்ங்கறாரு எங்க குழுவ நடத்துற வாத்தியக்காரரு. பிடிச்சுப்போனா நிரந்தரமாவே வெச்சுக்குவாரு. ஆனா நீ எண்ணுவியே, அந்தக் கணக்குல முந்நூத்தறுபது மீட்டாவது வேணும்டா. கொறஞ்சா குதிரை மேயற மாதிரி இருக்கும்" என்றான்.

அந்த இடம் கிடைத்தால் பள்ளியை விட்டுவிடலாம். கிடைக்காவிட்டால் ஓய்வு பெறும் வரை நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் நின்று வாய்ப்பாடு கத்த வேண்டும். நான்கு பேர் சேர்ந்து பேசினாலே எனக்குத் தலைவலி வரும். அப்போதும் அப்படித்தான்.

வேகத்துக்காகச் செய்யாதது இல்லை. மணிக்கட்டில் நல்லெண்ணெய் தேய்த்தேன். கல்லுப்பு வெந்நீரில் கையை வைத்தேன். முழங்கையை அசைத்தும் அசைக்காமலும் வாசித்தேன். பாதி வேகத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றினேன். கடிகாரத்தை முன்னால் வைத்து எண்ணினால் இருநூற்றெண்பது. அதைத் தாண்டினால் விரல்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும்.

நான் குடியிருந்த அறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் பட்டுத் தறி. குழிக்குள் காலை வைத்து உட்கார்ந்து, கயிற்றை இழுத்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓடவிட்டுக் கட்டையால் அடிப்பார் அந்த வீட்டுக்காரர். விடிந்ததும் தொடங்கிவிடுவார், நானும் அப்போதுதான் சாதகம் செய்வேன். ஒருநாள் வாசலில் பார்த்துச் சொன்னார்:

"வாத்தியாரே, உங்க பொட்டியும் என்ற தறியும் ஒரே நுகத்துல பூட்டுன மாடாட்டம் போகுதுங்க. ஒண்ணு நின்னா இன்னொண்ணு படுத்துக்கும் போல."

சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

அமாவாசையன்று அவர் தறியில் உட்காரமாட்டார். அன்று நானும் புதுச்சத்திரத்தில் இருந்த அம்மாவைப் பார்க்கப் போய்விடுவேன். ஆகவே அந்தத் தறியின் சத்தமில்லாமல் நான் ஒருநாளும் கிதாரைத் தொட்டதில்லை.

பிறகு பட்டு நூல் வரத்து நின்றது. யுத்தம் என்றார்கள். தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் தீர்ந்ததும் தறி நின்றது. முதல் நாள் என் கை தடுமாறியது. இரண்டாம் நாள் இருநூற்றுத் தொண்ணூறு வந்தது. மூன்றாம் நாள் முந்நூறு. அன்றுதான் எனக்கு உறைத்தது. தறியின் அடியை எத்தனையோ முறை எண்ணியிருக்கிறேன். நிமிடத்துக்கு எழுபது. ஓர் அடிக்கு நான்கு மீட்டு. எண்ணத் தெரிந்த எனக்கு வகுக்கத் தோன்றவில்லை.

ஒன்றரை மாதத்தில் முந்நூற்றறுபதைத் தொட்டேன். பக்கத்து வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் புகைந்தது. அவர் தினமும் நூல் கொடுக்கும் நெசவாளர் சொசைட்டி வரை நடந்து வெறுங்கையோடு திரும்புவார்.

"நூல் வந்துதுங்களா?" என்று கேட்பேன்.

"எங்கீங்க வருது?" என்பார். இன்றும் தறி ஓடாது என்று எனக்கு மூச்சு வரும்.

"என் வாசிப்பு எப்படிங்க இருக்குது?" என்று ஒருநாள் கேட்டுவைத்தேன்.

"ஒத்தை மாட்டு வண்டியாட்டம் பறக்குதுங்க. ஆனாத் தடத்த உட்டு எறங்கீருது" என்றார். சாப்பிடாத எரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

கரி வாயுவில் ஓடும் பஸ்ஸில் மூச்சுமுட்டச் சேலம் போனேன். வாத்தியக்காரர் தபலாக்காரரைச் சேர்ந்து வாசிக்கச் சொன்னார். நான்கு ஆவர்த்தனத்துக்குள் நான் தபலாவைத் தாண்டிப் போய்விட்டேன். மறுபடி எடுத்தோம், இந்த முறை பின்தங்கினேன். மூன்றாம் முறை தபலாக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு வெற்றிலையை எடுத்தார்.

"கை ஓடுதுப்பா. எங்க ஓடுதுன்னுதான் அதுக்கே தெரியல" என்றார் வாத்தியக்காரர். "ஒரு மாசம் பாக்கறேன். அப்புறம் வேற ஆள்தான்."

வெளியே வந்ததும் நண்பன் கேட்டான்: "உனக்குத் தாளம் நட்ட கல்லாட்டம் நிக்குமேடா. எங்கடா தொலைச்சே?"

அது என்னுடையதே அல்ல என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்குப் போனேன். தறி வெறும் சட்டமாக நின்றது. அவர் அதன் குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்ணா, தெனம் அரைமணி தறிய ஓட்டுங்க. நிமிசத்துக்குத் தொண்ணூறு அடி. ஒரு மாசம் போதும்" என்றேன்.

"நூலில்லாமயா?"

"சத்தம் மட்டும் இருந்தாப் போதுங்க."

அவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். உள்ளிருந்து அவர் மனைவிதான் பேசினார்:

"வெறுந்தொட்டில ஆட்டுனா புள்ளைக்கு ஆகாதுங்க சாமி. வெறுந்தறிய ஆட்டுனா தொழிலுக்கு ஆகுமுங்களா? இன்னும் கெடறதுக்கு என்ன இருக்குதுன்னு மட்டும் கேட்டுராதீங்க."

நான் அதைத்தான் கேட்க இருந்தேன்.

"அவ கெடக்கறா உடுங்க" என்றார் அவர். வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "ஆனாத் தொண்ணூறு ஆகாதுங்க வாத்தியாரே. இருபது வருசமா எழுபதுதான். அதுக்கு மேல வேணும்னா வேற கைதான் வெக்கோணும்."

அந்த மாதம் முடிவதற்குள் அவர்கள் மில் வேலை தேடிச் சேலத்துக்குப் போய்விட்டார்கள். நான் கடிகாரத்தின் டிக் டிக்கை வைத்துப் பார்த்தேன். மீட்டும் சத்தத்தில் அது காதில் விழவில்லை. காலால் தட்டினேன்; கால் கையோடு சேர்ந்து ஓடியது. ஒருநாள் முந்நூற்று நாற்பது, மறுநாள் இருநூற்று அறுபது. எந்த இரண்டு நாளும் ஒரே எண் வரவில்லை. சேலத்துக்கு வேறொருவர் போனார். நான் வாய்ப்பாடு கத்தினேன்.

பக்கத்து வீட்டுக்கு ஒரு நெய் வியாபாரி குடிவந்தார். முதல் வேலையாகத் தறிக்குழியை மண் போட்டு மூடினார்கள். என் அறையில் உட்கார்ந்து, சுவருக்கு அந்தப் பக்கம் மண் கொட்டும் சத்தத்தை வைத்துக் கூடைகளை எண்ணினேன். பதினொன்று.