சாமுவேல் நம்மிடையே இல்லை

போன வாரம் ஒருவரைக் கொன்றுவிட்டேன். கத்தியால் இல்லை... கீபோர்டால்.

எட்டாவதோடு என் படிப்பு முடிந்தது. அரக்கோணம் பிளாட்பாரத்தில் படுத்து, ரயிலில் சமோசா விற்று, சென்னையில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பெருக்கிக்கொண்டே கற்றதுதான் மெயில் சர்வர் வேலை. இப்போதைக்குத் திருத்தணியில், முனிரத்தினம் முதலாளியின் லுங்கி கம்பெனியில் இருக்கிறேன். எத்தனை நாளைக்கோ!

அங்கே மேனேஜராக இருந்த சாமுவேல், வேலையை விட்டு அரக்கோணத்தில் கடை போட்டுவிட்டார். அவருடைய மெயில் முகவரியை மூடினேன். மூடிய முகவரிக்கு யார் எழுதினாலும், சர்வர் தானாகவே ஒரு பதிலோடு திருப்பி அனுப்பும். மொட்டை இங்கிலீஷ் பதில்.

"இன்னாய்யா இது, கழுத்தப் புடிச்சித் தள்ற மாதிரி கீது? தமிழ்ல மரியாதையா போடு" என்றார் முதலாளி. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்:

'வணக்கம். திரு. சாமுவேல் அவர்கள் இப்போது நம்மிடையே இல்லை.'

மரியாதைக்கு என்ன குறை?

சாமுவேல் தன் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். நகரியிலிருந்து ஸ்டீபன் என்பவர், பெண்ணின் பயோடேட்டாவில் இருந்த அந்தப் பழைய முகவரிக்கே தன் மகனின் போட்டோவை அனுப்பியிருக்கிறார். வந்த பதிலைப் படித்து ஆடிப்போனார். கம்பெனியின் பொது முகவரிக்கு இரங்கல் எழுதினார். அங்கேயும் நான் ஒரு தானியங்கிப் பதில் வைத்திருந்தேனே —

'தங்கள் தகவல் கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி!'

சாவு வீட்டுக்குப் போன் போட்டு என்னவென்று கேட்பது? மனிதர் மாலை வாங்கிக்கொண்டு அரக்கோணத்துக்கு பஸ் ஏறிவிட்டார்.

கதவைத் திறந்தவர் சாமுவேல்.

"சாமுவேல் சார் வீடு... நகரியிலேர்ந்து வரேங்க... ஸ்டீபன்..."

"ஆங், நான்தாங்க சாமுவேல். தரகர் உங்க பேரைச் சொன்னாரு. வாங்க, வாங்க! மாலையெல்லாம் நிச்சயத்துக்கு வச்சிக்கலாமே, இன்னாத்துக்குங்க இப்பவே?"

சாயங்காலம் எனக்குப் போன் வந்தது.

"யோவ், என்னை சாவடிச்சதும் இல்லாம, மகிழ்ச்சின்னு வேற போட்டியாமே!"

"சம்பந்தம் போச்சாண்ணே?"

"எங்க வூட்டுக்காரி அழுதுகினுதான் இருந்தா. சாவு மாலையோட வந்த சம்பந்தம் வாணான்னு. நான்தான் சொன்னேன்... மூஞ்சி தெரியாத ஆளு சாவுக்கு, வேலைய வுட்டுட்டு பஸ் ஏறி வந்தவருடி. அந்த வூட்ல நம்ம பொண்ணு நல்லா இருக்கும்னு. அடுத்த மாசம் நிச்சயம். வந்து சேரு."

சர்வருக்கு 'இல்லை' என்றால் வெறும் இல்லை. நமக்கு அப்படியா? ஒரு ஆளை 'இல்லை' என்று சொல்லிவிட்டால் ஊரே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது.

பதிலை மாற்றிவிட்டேன். இந்த முறை முதலாளியைக் கேட்கவில்லை.

'முகவரிதான் இல்லை. ஆள் சௌக்கியம்.'