செவுளைப் பார்க்கிற வேலை

பதிப்பகங்களுக்கு வருகிற கட்டுரைகளைப் படித்து, தேறுமா தேறாதா என்று சொல்வதுதான் எடிட்டோரியல் அனலிஸ்ட் வேலை. பட்டம் இல்லாத எனக்கு, விண்ணப்பித்த இடங்களில் ஒன்றுதான் பதில் போட்டது. போனில் நேர்காணல் என்றார்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே, இராஜாக்கமங்கலத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போகும்போதே கூப்பிட்டுவிட்டார்கள்.

பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற அக்கா, என் பேச்சிலிருந்தே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் கொஞ்சம் மிண்டாம இரிங்க, பயலுக்கு வேலைக்குக் கேக்காவ!" என்று அதட்டினாள். கண்டக்டரே விசிலைக் கையில் பொத்திக்கொண்டார்.

"கட்டுரையில் முதலில் எதைப் பார்ப்பீங்க?" என்றது போன். படித்து வைத்திருந்த பதிலெல்லாம் பறந்துவிட்டது. கூடைதான் கண்ணில் பட்டது.

"மீன் வாங்கப் போனா மினுக்கத்தைப் பாக்காதே, செவுளைப் பாருன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க சார். எழுத்தோட மினுக்கத்தை விட்டுட்டு, சொன்னதுக்கு ஆதாரம் இருக்கான்னுதான் முதல்ல பார்ப்பேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. இன்னும் நாலைந்து கேள்வி கேட்டுவிட்டு, திங்கட்கிழமை நாகர்கோவில் ஆபீஸில் வந்து சேரச் சொன்னார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா கன்னத்தில் கை வைத்தாள். "ஏலே மக்கா, செவுளப் பாக்கதுக்குச் சம்பளமா? எங்கிட்ட எல்லாவளும் சும்மால்லா பாத்துட்டுப் போறாளுவ!"

பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் அடக்கி வைத்த விசிலையெல்லாம் சேர்த்து நீளமாக ஊதினார்.