எழும் நாளுக்கான சேலை

பிரிக்பீல்ட்ஸில் புதிய அடுக்குமாடிக்குக் கீழே உள்ள டோபிக் கடையிலிருந்து கஞ்சி போட்ட துணி சூடாகும் வாசனை வந்தது. அந்த இடத்தில்தான், இப்போது இல்லாத எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில், திருச்சபையில் எந்தப் பெண் இறந்தாலும் அவருக்கு உடுத்தப்போகும் சேலையில் தண்ணீர் தெளித்து, சுர்ரென்று ஆவி எழ, முந்தானை ஓரம்வரை அம்மா நிதானமாகத் தேய்ப்பார். அம்மா வந்து மடிப்பைப் பார்க்காமல் சவப்பெட்டியை மூட மாட்டார்கள்.

“மண்ணுக்குள்ள போற சேலைதான லா, எதுக்குக்கா இவ்வளவு நேரம்?” என்பார் பக்கத்து வீட்டு ராணி ஆன்டி.

“ஆண்டவர் எழுப்புற அன்னைக்குக் கசங்கின சேலையோடவா போய் நிப்பாங்க?” என்பார் அம்மா, தலை நிமிராமல்.

போன மாதம் அம்மாவை அடக்கம் செய்தோம். சேலையை நான்தான் தேய்த்தேன். ஒரு சுருக்கம்கூட இல்லை. எழுந்ததும் அம்மாவே பார்க்கட்டும்.